நம்பர் பிளேட் அந்தப் பக்கம், ஆயில் சேஞ்ச் இந்தப் பக்கம்

ஒரு காருக்கு இரண்டு அடையாளங்கள் உண்டு. ஒன்று, முன்னும் பின்னும் மாட்டியிருக்கும் நம்பர் பிளேட். அது அரசாங்கம் கொடுத்தது. இன்னொன்று, உடம்பில் குத்தியிருக்கும் சேஸிஸ் எண். அது தொழிற்சாலை கொடுத்தது. கார் ஒரே நாட்டில் பதிவாகி, அதே நாட்டில் ஓடி, அதே நாட்டில் பழசாகிப் போனால் இந்த இரண்டுக்கும் சண்டையே வராது. பதிவு ஒரு நாட்டில், குடித்தனம் இன்னொரு நாட்டில் என்று ஆகிவிட்டால்தான் வம்பு. அரசாங்கத்துக்கு முதல் எண் போதும். மெக்கானிக்குக்கு இரண்டாவது எண்தான் வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவில் காரின் உண்மையான உடல்நிலையைக் கவனிப்பது யார் பொறுப்பு? இதுதான் இன்றைய கட்டுரை.

இதைப் பேச ஜொகூர் பாருவை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. நான் இங்கே பொறியியல் படிக்கிறேன். எங்கள் தாமானில் மாலை நேரத்தில் நடந்து போனால், ஐந்து வீட்டுக்கு ஒரு வீட்டு வாசலிலாவது சிங்கப்பூர் நம்பர் பிளேட் போட்ட கார் நிற்கும். சிலர் சிங்கப்பூர்க் குடிமக்கள். வீட்டு வாடகையும் சாப்பாடும் இங்கே மலிவு என்று வந்து குடியிருப்பவர்கள். சிலர் இங்கே கல்யாணம் செய்துகொண்டவர்கள். என் மாமாவும் அப்படித்தான். சிங்கப்பூரில் வேலை, ஸ்கூடாயில் வீடு, கார் சிங்கப்பூர்ப் பதிவு. காலையில் அந்தப் பக்கம், இரவில் இந்தப் பக்கம்.

இப்படிப்பட்ட காருக்கு சர்வீஸ் எங்கே செய்வது? கேட்டால் எல்லோரும் சொல்லும் பதில் ஒன்றுதான். "ஜேபியில் செய்யுங்கள், மலிவு." ஒரு சிங்கப்பூர் வெள்ளிக்கு மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும்போது வேறு என்ன பதில் வரும்? அதிலும் பட்டறைக் கூலி இங்கே குறைவு. இதில் தப்பு ஒன்றும் இல்லை. எங்கள் ஊர் போர்மேன்கள் (மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம்) கெட்டிக்காரர்கள். இருபது வருஷ வீராவையும் ஓடவைப்பார்கள், நேற்று வந்த ஹைபிரிட்டையும் பிரித்துப் போடுவார்கள்.

என் வாதம் விலையைப் பற்றியதே அல்ல. இரண்டு நாட்டு அரசாங்கங்களும் இந்தக் காரைப் பற்றி எல்லாவற்றையும் எண்ணுகின்றன, பிரேக்கைத் தவிர. அப்படி இருக்கும்போது சொந்தக்காரரும் எண்ணாமல் விட்டால் அந்தக் காருக்கு நாதியில்லை. இதுதான் நான் சொல்ல வருவது.

எதை எண்ணுகிறார்கள்?

முதலில் மலேசியப் பக்கம். வெளிநாட்டுப் பதிவுக் கார் ஜொகூருக்குள் நுழைந்தால் 20 ரிங்கிட் சாலைக் கட்டணம். இது 2016 நவம்பர் 1 முதல் இருக்கிறது. அடுத்தது விஇபி என்னும் வாகன நுழைவு அனுமதி. சிங்கப்பூர்க் கார்களுக்கு இது 2025 ஜூலை 1 முதல் முழுமையாக அமலாக்கப்படுகிறது. இல்லாமல் மாட்டினால் 300 ரிங்கிட் அபராதம். பெட்ரோல் நிலையத்தில் வெளிநாட்டுக் காருக்கு ரான்95 ஊற்றக்கூடாது, ரான்97 தான்.

இப்போது சிங்கப்பூர்ப் பக்கம். அந்த ஊர்ப் பெட்ரோல் கார் எல்லையைத் தாண்டும்போது தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இருக்க வேண்டும். 1989-ல் பாதித் தொட்டி என்று தொடங்கிய விதி, 1991-ல் முக்கால் தொட்டி ஆனது. மலேசியக் கார் அங்கே போனால், கட்டணம் உள்ள நாட்களில் ஒரு நாளைக்கு 35 வெள்ளி. வருஷத்துக்குப் பத்து நாள் இலவசம். சிங்கப்பூர்க் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் வெளிநாட்டுப் பதிவுக் காரை அங்கே வைத்து ஓட்டவே முடியாது. காரணம் சுலபம். அங்கே ஒரு கார் வாங்க முதலில் வாகன உரிமைச் சான்றிதழ் வேண்டும். 1990-ல் தொடங்கிய இந்தத் திட்டத்தில் சான்றிதழ் பத்து வருஷம் செல்லும். 2023 அக்டோபரில் பெரிய கார்களுக்கான பிரிவில் அதன் விலை 150,000 வெள்ளியைத் தாண்டியது. அவ்வளவு காசு கொடுத்தவர்கள் பக்கத்தில், எல்லை தாண்டி மலிவாக வாங்கிய காரை இன்னொருவர் ஓட்ட விடுவார்களா?

ஆக, கட்டணம், அனுமதி, பெட்ரோல் அளவு, பெட்ரோல் ரகம், நாள் கணக்கு. எல்லாவற்றுக்கும் விதி இருக்கிறது. எல்லாமே காசு சம்பந்தப்பட்டவை. டயர் வழுக்கையா, பிரேக் பிடிக்கிறதா என்று எல்லையில் யாரும் குனிந்து பார்ப்பதில்லை. பார்க்கவும் முடியாது, பின்னால் வரிசை நிற்கிறது.

பரிசோதனை இருக்கிறதே?

"சிங்கப்பூரில் கட்டாயப் பரிசோதனை இருக்கிறதே" என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. கார் மூன்று வயதை எட்டியதும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பத்து வயதைத் தாண்டினால் வருஷா வருஷம். பிரேக், விளக்கு, புகை, அடிப்பாகம் எல்லாம் பார்ப்பார்கள். தேறாவிட்டால் சாலை வரி புதுப்பிக்க முடியாது. நல்ல ஏற்பாடுதான். மலேசியாவில் தனியார் கார்களுக்கு இப்படிக் காலமுறைப் பரிசோதனையே கிடையாது. விற்கும்போது பார்ப்பார்கள். லாரி, பேருந்து போன்ற வணிக வாகனங்களுக்குத்தான் வழக்கமான பரிசோதனை. அந்த வகையில் சிங்கப்பூர்ப் பதிவுக் கார் கொடுத்து வைத்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வருஷத்தில் ஒரு நாள் பரிசோதனை. மீதி 729 நாள்? பரிசோதனை என்பது அன்றைக்கு அந்த நிமிஷத்தில் கார் எப்படி இருக்கிறது என்று சொல்லும் போட்டோ மாதிரி. நாளைக்கு எப்படி இருக்கும் என்று அது சொல்லாது. பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செட் டயரை மாட்டிக்கொண்டு போய், தேறிய பிறகு பழையதை மாட்டிக்கொள்பவர்களைப் பற்றி எல்லாப் பட்டறையிலும் கதை உண்டு.

இது ஜொகூருக்கு மட்டும் உள்ள சங்கடமும் அல்ல. எல்லையே இல்லாதது போல் ஓட்டிக்கொண்டு போகக்கூடிய ஐரோப்பிய ஒன்றியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியில் பதிவான காரை ஸ்பெயினில் வைத்துக்கொண்டு தற்காலிகமாகக் குடியிருப்பவர், பரிசோதனைக்காகக் காரை ஜெர்மனிக்கே கொண்டுபோக வேண்டிய நிலைதான் அங்கே பல காலமாக இருந்து வருகிறது. 2025 ஏப்ரலில்தான் ஐரோப்பிய ஆணையம், இருக்கிற நாட்டிலேயே பரிசோதித்து ஆறு மாதத்துக்குத் தற்காலிகச் சான்றிதழ் கொடுக்கலாம் என்ற யோசனையை முன்வைத்தது. அத்தனை நாடுகள் ஒன்றாகச் சேர்ந்த இடத்திலேயே இந்தப் பாடு என்றால், ஒரு கிலோமீட்டர் கடற்பாலத்தின் இரண்டு முனையில் இருக்கும் இரண்டு தனி நாடுகளைப் பற்றி என்ன சொல்வது?

மீட்டர் சொல்லும் பொய்

அடுத்து சர்வீஸ் எப்போது செய்வது என்ற கேள்வி. "பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயில் மாற்று" என்பது நமக்குத் தெரிந்த மந்திரம். எல்லை தாண்டி வேலைக்குப் போகும் காருக்கு இந்த மந்திரம் பலிக்காது.

ஒரு சின்னக் கணக்கு. வீட்டிலிருந்து வேலைக்கு 25 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். போக வர 50. கடற்பாலத்து நெரிசலோடு சேர்த்து ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் என்ஜின் ஓடுகிறது. பத்தாயிரம் கிலோமீட்டர் ஆக 200 நாள். அதற்குள் என்ஜின் ஓடிய நேரம் 600 மணி. இதே காரை வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 100 மணி நேரம்தான் ஆகும். மீட்டரில் இரண்டும் ஒன்று. என்ஜினுக்குள் இருக்கும் ஆயிலுக்கோ ஆறு மடங்கு வித்தியாசம்.

காரோடு வரும் கையேட்டின் பின்பக்கத்தில் 'கடுமையான பயன்பாடு' என்று ஒரு தனி அட்டவணை இருக்கும். நின்று நின்று போகும் நெரிசல், நீண்ட நேரம் ஐடிலில் நிற்பது, அதிக வெப்பம் இதெல்லாம் அதில் வரும். அந்த அட்டவணையில் இடைவெளி குறைவாக இருக்கும். கடற்பாலத்தில் தினமும் நிற்கும் கார், வெயிலோடு சேர்த்து, அந்தப் பட்டியலில் வராவிட்டால் வேறு எந்தக் கார் வரும்? ஆனால் பெரும்பாலான பட்டறைகளில் கண்ணாடியில் ஒட்டும் ஸ்டிக்கரில் "அடுத்த சர்வீஸ் +10,000" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். நாமும் அதைப் பார்த்தே நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

பிரேக் ஆயிலும் இப்படித்தான். அது காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும் தன்மை உள்ளது. டாட் 4 ரக ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்த பிறகு அது தாங்க வேண்டிய தரம் 155 டிகிரிதான். நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளி விடுமுறைக்குக் குடும்பத்தோடு கெந்திங் போகிறோம். ஏறும்போது ஒன்றும் தெரியாது. இறங்கும்போது வளைவுக்கு வளைவு பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பிரேக் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி நிறைந்து, பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். அந்த நேரத்தில் நம்பர் பிளேட் எந்த நாடு என்று மலைக்குத் தெரியாது. பெரும்பாலான கார்களுக்கு இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பார்கள். ஆயில் சேஞ்சோடு ஒப்பிட்டால் பெரிய செலவும் இல்லை. ஆனால் "கடைசியாக எப்போது மாற்றினீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். பத்தில் எட்டுப் பேர் வானத்தைப் பார்ப்பார்கள் :-)

பெயர் ஒன்று, பாகம் வேறு

இரண்டு ஊரிலும் ஒரே மாடல் ஓடுகிறது, அதனால் பாகமும் ஒன்றுதான் என்று நினைப்பது சகஜம். அப்படி இல்லை.

மலேசியாவில் ஓடும் டொயோட்டா, ஹோண்டா கார்களில் பெரும்பாலானவை இங்கேயே பொருத்தப்பட்டவை. சிங்கப்பூரில் ஓடும் கார்களில் மிகப் பெரும்பாலானவை முழுசாக இறக்குமதி ஆகி வந்தவை. சிலது தாய்லாந்திலிருந்து, சிலது ஜப்பானிலிருந்து. அதிகாரபூர்வ முகவர் அல்லாத இறக்குமதியாளர்கள் ஜப்பானிய உள்நாட்டுச் சந்தைக்கென்று செய்யப்பட்ட கார்களை நேராக இறக்குவதும் அங்கே உண்டு. ஹோண்டா வெஸல் என்று சிங்கப்பூரில் ஓடுவதும் மலேசியாவில் எச்ஆர்-வி என்று ஓடுவதும் உறவுக்காரர்கள்தான். ஆனால் ஒரே ரத்தமா, ஒரே வயிறா என்பதைப் பாகத்துக்குப் பாகம் பார்க்க வேண்டும்.

என் மாமாவின் கார் ஜப்பானிலிருந்து வந்த ஹைபிரிட். ஒருமுறை முன் பிரேக் பேடு மாற்ற வேண்டியிருந்தது. மாடல் பெயரையும் வருஷத்தையும் சொல்லிப் பட்டறை ஆர்டர் போட்டது. வந்த பேடு உட்காரவில்லை. கார் இரண்டு நாள் சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நின்றது. மாமா விடியற்காலை நாலு மணிக்குப் பஸ் ஏறினார். பிறகு பட்டறைக்காரர் சேஸிஸ் எண்ணைப் போட்டோ பிடித்து அனுப்பினார், சரியான பேடு வந்தது. அவ்வளவுதான் விஷயம்.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. உலகம் முழுக்கக் கார்களுக்குப் பதினேழு எழுத்துகள் கொண்ட அடையாள எண் உண்டு. ஜப்பானிய உள்நாட்டுக் கார்களுக்கு அது கிடையாது. மாடல் குறியீடும் அதன் பின்னால் ஒரு வரிசை எண்ணுமாகச் சின்னதாக இருக்கும். பதினேழு கட்டம் கேட்கும் கணினியில் அந்த எண்ணைப் போட்டால் ஒன்றும் வராது. அதனால் போர்மேன் குத்துமதிப்பாக ஒரு மாடலைத் தேர்ந்தெடுப்பார். தப்பு அங்கேதான் நுழைகிறது. இந்த விஷயம் தெரிந்த சொந்தக்காரர், எண்ணோடு "இது ஜப்பான் உள்நாட்டு மாடல்" என்று சொல்லிவிட்டால் வேலை பாதி முடிந்தது.

வராத கடிதம்

இதுவரை சொன்னது எல்லாம் காசும் நேரமும் வீணாகிற சமாச்சாரம், பிரேக் ஆயிலைத் தவிர. இனிமேல் சொல்லப்போவதுதான் எனக்கு உண்மையிலேயே கவலை தருவது.

டக்காட்டா ஏர்பேக் விவகாரம் ஞாபகம் இருக்கும். அந்த நிறுவனத்தின் ஏர்பேக்குகளை விரிய வைக்கும் கருவியில் அமோனியம் நைட்ரேட் இருந்தது. வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டால் அது கெட்டுப்போகும். கெட்டுப்போனது விபத்தின்போது அளவுக்கு மீறி வெடித்து, இரும்புக் கூட்டையே சிதறடித்து, காப்பாற்ற வேண்டிய பை ஆளைக் கொல்லும். உலகம் முழுக்கச் சுமார் 10 கோடிக் கருவிகள் திரும்ப அழைக்கப்பட்டன. நிறுவனம் 2017-ல் திவாலானது. மலேசியாவில் 2014-லேயே இதனால் உயிர் போயிருக்கிறது. வெப்பமும் ஈரமும் என்றால் அது நம் ஊர்தான்.

இப்போது யோசியுங்கள். ஒரு கார் திரும்ப அழைக்கப்பட்டால் கடிதம் எங்கே போகும்? பதிவு இருக்கும் நாட்டில், பதிவில் இருக்கும் முகவரிக்கு. அந்த வீட்டை விட்டு வந்து மூன்று வருஷம் ஆகியிருக்கும். அல்லது அது அண்ணன் வீட்டு முகவரி, அண்ணி கடிதத்தை டிவிக்குப் பக்கத்தில் வைத்திருப்பார். இந்தப் பக்கத்து முகவருக்கு அந்தக் காரைப் பற்றி ஒன்றும் தெரியாது, அவர் விற்ற கார் அல்ல. போர்மேனுக்கும் தெரியாது, அவர் ஆயில் மாற்ற மட்டும் பணம் வாங்கியவர். முகவர் பட்டறையில் சர்வீஸ் செய்திருந்தால் காரை உள்ளே விடும்போதே "இதற்கு ஒரு ரீகால் இருக்கிறது" என்று அவர்கள் கணினி சொல்லியிருக்கும். மலிவு சர்வீஸில் நாம் மிச்சம் பிடிப்பது கூலியை மட்டுமல்ல, இந்த ஒரு வார்த்தையையும்தான்.

இதற்காக எல்லோரும் முகவரிடமே போங்கள் என்று நான் சொல்லவில்லை. அங்கே விலை எட்டாதவர்களிடம் அதைச் சொல்வது அநியாயம். சிங்கப்பூரின் போட்டி ஆணையம் 2017-ல் தலையிட்ட பிறகு, முக்கிய முகவர்கள் "எங்களிடம் சர்வீஸ் செய்தால்தான் உத்தரவாதம்" என்ற நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். நல்ல காரியம். ஆனால் பழுதுக்கு வெளிப் பட்டறைதான் காரணம் என்றால் அவர்கள் மறுக்கலாம். எல்லை தாண்டிய பட்டறையைப் பற்றி உங்கள் உத்தரவாதத் தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று நீங்கள்தான் படித்துப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸும் அப்படியே. சிங்கப்பூரில் 2008 முதல் உள்ள நடைமுறைப்படி, கீறல்கூட இல்லாத விபத்தையும் 24 மணி நேரத்துக்குள் அல்லது அடுத்த வேலை நாளுக்குள் நிறுவனத்திடம் தெரிவிக்க வேண்டும். மலேசியச் சாலையில் நடந்தால் இங்கே போலீஸ் புகாரும் 24 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். "சின்னத் தட்டுதானே, தெரிந்த பட்டறையில் முடித்துக்கொள்ளலாம்" என்று விட்டுவிட்டால், நாளைக்கு எதிராளி பெரிய பில்லோடு வரும்போது கையில் ஒரு தாளும் இருக்காது.

பத்து வருஷ மனசு

சிங்கப்பூர்க் கார்களுக்கென்று ஒரு தனி வியாதியும் உண்டு. "இன்னும் ஒன்றரை வருஷம்தான் ஓடும், எதற்கு டயர்?" என்பது அது. பத்து வருஷம் முடிந்தால் கழித்துக் கட்டுவதுதான் அங்கே பெரும்பாலும் வழக்கம். அதற்கு முன் பதிவை ரத்து செய்தால் அரசாங்கம் கொஞ்சம் பணம் திருப்பித் தருகிறது. அந்தத் தொகை முதலில் கட்டிய பதிவுக் கட்டணத்தையும் காரின் வயதையும் பொறுத்தது. பிரேக் எப்படி இருக்கிறது, என்ஜின் எப்படி இருக்கிறது என்பதற்கு அதில் மதிப்பெண் கிடையாது. நன்றாகப் பராமரித்தவருக்கும் குப்பை மாதிரி வைத்திருந்தவருக்கும் ஒரே தொகை. அப்புறம் கடைசி வருஷங்களில் யாருக்கு மனசு வரும் செலவழிக்க?

கார் சாகும் தேதி தாளில் எழுதியிருக்கலாம். அதில் உட்கார்ந்து போகிற பிள்ளைகளுக்கு அப்படித் தேதி ஒன்றும் எழுதியில்லை. கடைசி மாதத்தில் வெடிக்கும் டயரும் டயர்தான்.

என்ன செய்யலாம்?

என்னைப் பொறுத்தவரை தீர்வு பெரிய தொழில்நுட்பம் அல்ல. ஒரு நாற்பது பக்க நோட்டு. இரண்டு வெள்ளி இருக்கும். காரின் கையுறைப் பெட்டியில் அதைப் போட்டு வையுங்கள். அதில் இவை இருக்க வேண்டும்:

முதல் பக்கத்தில் சேஸிஸ் எண், என்ஜின் எண், கார் எந்த நாட்டுச் சந்தைக்குச் செய்யப்பட்டது என்ற விவரம். எந்தப் பட்டறைக்குப் போனாலும் முதலில் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

ஒவ்வொரு சர்வீஸுக்கும் தேதி, மீட்டர் எண், ஊற்றிய ஆயிலின் ரகம். மாற்றிய பாகத்தின் எண். பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்டால் நல்ல போர்மேன் கோபித்துக்கொள்ள மாட்டார்.

பிரேக் பேடு எத்தனை மில்லிமீட்டர் மிச்சம் இருக்கிறது என்று எழுதச் சொல்லுங்கள். "இன்னும் ஓடும் பாஸ்" என்பது அளவு அல்ல. மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றிவிடுவது நல்லது. பிரேக் ஆயில் மாற்றிய தேதி தனியாக.

டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019-ம் வருஷம் 23-வது வாரம் செய்தது. அதையும் எழுதுங்கள். பட்டையின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியே குற்றம். மழையில் அதற்கு முன்பே வழுக்கும்.

வருஷத்துக்கு இரண்டு முறை, பொங்கலுக்கு ஒன்று தீபாவளிக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் காருக்கு ரீகால் இருக்கிறதா என்று நீங்களே தேடிப் பாருங்கள். பதிவு நாட்டு முகவரிடமும் கேளுங்கள், தயாரிப்பாளரின் பக்கத்திலும் பாருங்கள். ரீகால் பழுதை நீக்க நீங்கள் காசு கட்ட வேண்டியதில்லை. பதிவில் இருக்கும் முகவரியையும் போன் எண்ணையும் அன்றைக்கே சரிபார்த்துவிடுங்கள்.

இது நம் பங்கு. அரசாங்கங்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. விஇபி பதிவு செய்யும்போது சொந்தக்காரரின் மின்னஞ்சலையும் கார் விவரத்தையும் மலேசியா கேட்டு வாங்குகிறது. எல்லை தாண்டும் காரின் சொந்தக்காரரோடு தொடர்புகொள்ளும் வழி கையில் இருக்கிறது. அபராதம் பாக்கி என்று அதே வழியில் சொல்ல முடிகிறது என்றால், "உங்கள் ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளுங்கள்" என்று சொல்லவும் முடியும். இரண்டு நாடுகளும் ரீகால் பட்டியலைச் சேஸிஸ் எண் வாரியாகப் பகிர்ந்துகொண்டால் போதும். புதுப் பாலம் கட்ட வேண்டாம், புதுச் சாவடி வேண்டாம். அப்புறம் மலேசியாவில் பத்து வருஷத்தைத் தாண்டிய தனியார் கார்களுக்காவது ஒரு காலமுறைப் பரிசோதனை வர வேண்டும். கடற்பாலத்தில் சிங்கப்பூர்க் காருக்கு முன்னால் நிற்பதும் பின்னால் நிற்பதும் மலேசியக் கார்தான். ஒன்றின் பிரேக் பிடிக்காவிட்டால் அடி வாங்குவது மற்றது.

"ஏழைபாழைகள் பழைய காரை வைத்துக்கொண்டு திண்டாடுகிறார்கள், பரிசோதனை வேறா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. எங்கள் தாமானிலேயே பதினைந்து வருஷக் காரை நம்பிப் பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் புகைக்கும் கீறலுக்கும் போகாமல் பிரேக், டயர், ஸ்டியரிங், விளக்கு என்று நாலு விஷயத்தோடு தொடங்கலாம் என்கிறேன். கட்டணமும் பெயருக்கு இருந்தால் போதும். உயிர் போகும் பாகங்களை மட்டும் பார்ப்பது ஏழைக்கு எதிரானது அல்ல. அந்தக் காரில் போவதும் அவர் குடும்பம்தானே.

வெளிநாட்டில் குடியிருக்கும் மனிதனுக்கு ஊரில் ஒரு முகவரி, இருக்கும் இடத்தில் ஒரு முகவரி என்று இரண்டு இருக்கும். காய்ச்சல் வந்தால் இருக்கும் இடத்து டாக்டரிடம்தான் போவான். பழைய மருத்துவச் சீட்டைக் கையோடு கொண்டுபோகிறவன் பிழைத்துக்கொள்வான். காருக்கும் அவ்வளவுதான். எந்தப் பக்கம் சர்வீஸ் செய்தாலும் சரி, அந்தச் சீட்டை எழுதி வைப்பது நம் வேலை. நமக்காக அதை வேறு யாரும் எழுதி வைக்கப் போவதில்லை.